சிறிய காரில் இருவர் உறங்கப் படுக்கைப் பலகை: வேகன் ஆருக்கு எந்த அமைப்பு பொருந்தும்?

அலைகரை (வெள்ளவத்தை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நானும் மனைவியும் 2015ஆம் ஆண்டுச் சுசுகி வேகன் ஆர் ஒன்றை வைத்திருக்கிறோம். வரும் ஜூன் மாத விடுமுறையில் கொழும்பிலிருந்து திருகோணமலைக்கும், அங்கிருந்து முல்லைத்தீவு வழியாக யாழ்ப்பாணத்துக்கும் போய்வர எண்ணியுள்ளோம். அதில் ஐந்தாறு இரவுகளைக் காருக்குள்ளேயே கழிக்க விரும்புகிறோம். விடுதிச் செலவு மட்டும் இதற்குக் காரணமன்று. நிலாவெளியில் விடியும்போது பின்கதவைத் திறந்தவுடன் கடல் தெரிய வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. வான் ஒன்றுக்கு மாறலாமே என்று உறவினர் சொல்கிறார்கள். ஆனால் 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஏறிய விலை, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்த பின்னரும் எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே இருக்கிற காரிலேயே ஓர் ஒழுங்கு செய்ய வேண்டும்.

நாடா வைத்து அளந்த கணக்கு இது. பின் இருக்கைகளை மடித்து, முன் இருக்கைகள் இரண்டையும் இயன்றவரை முன்னே தள்ளினால், பின்கதவிலிருந்து முன் இருக்கையின் முதுகு வரை 158 சென்ரிமீற்றர் கிடைக்கிறது. பின் சில்லு மேடுகளுக்கு இடையில் அகலம் 98 சென்ரிமீற்றர். பின் கதவுகளுக்கு இடையில் 122. மடித்த இருக்கையிலிருந்து கூரை வரை 91 சென்ரிமீற்றர். எனது உயரம் 5 அடி 8 அங்குலம், அதாவது 173 சென்ரிமீற்றர். மனைவியின் உயரம் 155.

18 மில்லிமீற்றர் பிளைவூட் பலகை ஒன்றை வாங்கி, 20 சென்ரிமீற்றர் உயரக் கால்கள் பொருத்தி, அதன் கீழே உடுப்பு, அடுப்பு, தண்ணீர்க் கலன் ஆகியவற்றுக்கு இழுப்பறைகள் அமைக்கலாம் என்று ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேன். இருக்கைகளைக் கழற்ற விருப்பமில்லை. பயணம் முடிந்ததும் கார் பழையபடி அலுவலகத்துக்கும் சந்தைக்கும் ஓட வேண்டும். இந்த அமைப்பு சரிவருமா? 158 சென்ரிமீற்றருக்குள் நான் எப்படிக் கால் நீட்டுவது? மெத்தை, காற்றோட்டம் பற்றியும் அனுபவமுள்ளவர்கள் கூறினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

உளிச்சத்தம் (இரத்மலானை) எழுதியது:

வணக்கம் தம்பி. முப்பது வருடமாக மரவேலை செய்கிறேன். கார்களுக்குள் இத்தகைய பலகைகள் நான்கைந்து செய்து கொடுத்திருக்கிறேன். தங்கள் அளவுகள் தெளிவாக இருக்கின்றன. படத்தை மட்டும் மாற்றச் சொல்வேன்.

முதலில் உயரத்தைப் பாருங்கள். கூரை வரை இருப்பது 91 சென்ரிமீற்றர். அதில் கால்களுக்கு 20, பலகைக்கு 1.8, மெத்தைக்கு 5 என்று கழித்தால் எஞ்சுவது 64 சென்ரிமீற்றர். உங்கள் உயரத்தில் ஒருவர் நிமிர்ந்து உட்கார ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் தேவைப்படும். 64 சென்ரிமீற்றரில் படுக்கலாம், புரளலாம். ஆனால் எழுந்திருந்து சட்டை மாற்ற முடியாது, மழை பெய்தால் உள்ளே இருந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்க முடியாது. ஐந்து இரவுகள் அப்படிக் கழிந்தால் ஆறாம் நாள் பலகையைக் கழற்றி எறியத் தோன்றும். இழுப்பறை வேண்டாம். இந்தக் காரில் சாமான் வைக்க ஒதுக்கிய இடம் ஏற்கெனவே இருக்கிறது: பின் இருக்கைக்காரர் கால் வைக்கும் பள்ளம். பலகை அதற்குமேல் பாலம்போலப் போகும். பள்ளத்துக்குள் இரண்டு துணிப் பைகளும் தண்ணீர்க் கலனும் அடங்கிவிடும்.

இரண்டாவது, 18 மில்லிமீற்றர் தேவையில்லை. எட்டடிக்கு நாலடி முழுப் பலகை 18 மில்லிமீற்றரில் முப்பது கிலோவுக்கு மேல் வரும். அதைத் தூக்கி வைத்து எடுப்பது மனைவிக்கும் உங்களுக்கும் தண்டனை. பலகையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், தடித்த பலகை வளையாது என்பது உண்மைதான். ஆனால் அதே விறைப்பை 9 மில்லிமீற்றர் பலகையின் அடியில் இரண்டுக்கு ஒன்று அங்குலச் சட்டங்களைக் குத்தாக நிறுத்தி ஒட்டித் திருகினாலும் பெறலாம். எடை பாதியளவில் நின்றுவிடும். சட்டம் வேண்டியது பள்ளத்துக்கு மேலே மட்டுமே. மடித்த இருக்கையின்மீது பலகை முழுதாகப் படிந்திருக்கும் இடத்தில் வெறும் 9 மில்லிமீற்றரே தாராளம். சட்டத்துக்கு லுனுமிதெல்ல கேளுங்கள், நம்மவர்கள் மலைவேம்பு என்பார்கள். எடை குறைந்த மரம், திருகாணி இலகுவில் இறங்கும், வெடிக்காது.

பலகை வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். மலிவான உள்வீட்டுப் பிளைவூட்டில் யூரியா ஃபோர்மல்டிஹைட் பசை இருக்கும். கொழும்பு வெயிலில் பூட்டிய காருக்குள் அது வெளிவிடும் வாசனை கண்ணை எரிக்கும். மரைன் பிளைவூட்டில் பயன்படும் ஃபினோலிக் பசை அவ்வளவாக வெளிவிடாது, ஈரத்துக்கும் பிரியாது. எம்.டி.எஃப். பலகையை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். ஒருமுறை நனைந்தால் பாண்போல ஊதிவிடும்.

இனி நீளம். இருவருக்கும் ஒரே நீளம் வேண்டும் என்று நினைப்பதால்தான் 158 போதாமல் தெரிகிறது. வேகன் ஆரில் இடப்பக்க முன் இருக்கையின் முதுகை முன்னோக்கி மடித்துக் கிடத்த முடியும். அப்படி மடித்தால் இடப்பக்கத்தில் இன்னும் ஒன்றரை அடியளவு நீளம் கிடைக்கும். நீங்கள் இடப்பக்கம் படுங்கள். சாரதி இருக்கையின் பின்னால் உள்ள 158 சென்ரிமீற்றர், 155 உயரமுள்ள மனைவிக்கு மட்டுமட்டாகப் போதும். கொஞ்சம் முழங்காலை மடக்கினால் நெருக்கமாகவும் இராது. அதாவது பலகை நீள்சதுரமாக இராமல், ஒரு மூலையில் நாக்கு நீட்டிய வடிவமாக இருக்கும்.

மூன்று துண்டாகச் செய்யுங்கள். பின்கதவருகே 98 அகலத்தில் ஒன்று. பள்ளத்தின்மேல் கதவுக்குக் கதவு 118 அகலத்தில் இன்னொன்று. இவையிரண்டையும் பிணைச்சல் போட்டு இணைத்தால் பகலில் மடித்துப் பின்னால் வைக்கலாம். மூன்றாவது, இடப்பக்க நாக்கு, தனித் துண்டாக வந்து இரண்டு மர ஊசிகளில் பொருந்தட்டும். விளிம்புகளை உருட்டி அரத்தாள் போட்டு, திருகாணித் தலைகளைக் குழித்து இறக்குங்கள். இருக்கைத் துணியில் படும் அடிப்பக்கத்துக்கு ஃபெல்ட் துணி ஒட்ட மறக்க வேண்டாம்.

ஆனால் பலகை வாங்குமுன் ஒரு வேலை. குளிர்சாதனப் பெட்டி வந்த கடதாசி மட்டை இரண்டைப் பிரித்து, இதே வடிவத்தில் வெட்டிக் காருக்குள் விரித்து, இருவரும் ஒரு மணித்தியாலம் படுத்துப் பாருங்கள். நாடா சொல்லாதவற்றை முதுகு சொல்லும். அதன்பின் மட்டையையே அச்சாகக் கொண்டு பலகையை அறுக்கலாம்.

மழைக்குருவி (தெஹிவளை) எழுதியது:

அலைகரை அண்ணாவுக்கு வணக்கம். நானும் என் தங்கையும் மூன்று வருடங்களாக டொயோட்டா விட்ஸ் ஒன்றில் இப்படிப் பயணிக்கிறோம். மரவேலை பற்றி ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல எதுவுமில்லை. ஈரம் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும்; எங்கள் முதல் படுக்கை அதனால்தான் பாழானது.

ஜனவரி மாதத்தில் நுவரெலியாவுக்குப் போனோம். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். இரவில் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கும் குளிர். அந்தப் பயத்தில் யன்னல்கள் நான்கையும் இறுக மூடிக்கொண்டோம். நள்ளிரவில் விழித்துப் பார்த்தால் கண்ணாடிகளில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கூரைத் துணி கையை வைத்தால் சில்லென்று ஈரம். காலையில் மெத்தையைத் தூக்கினோம். அதன் அடியில், எங்கள் உடல் கிடந்த வடிவத்திலேயே பலகை நனைந்து கறுத்திருந்தது. மூச்சிலும் வியர்வையிலும் வெளியான ஈரம் மெத்தைக்குள் இறங்கி, கீழே குளிர்ந்த பலகையைத் தொட்டதும் நீராகிவிடுகிறது. கொழும்புக்குத் திரும்பி ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடித்தது. அந்த மெத்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

அதன்பிறகு பலகை முழுவதும் ஒன்றரை அங்குலத் துளைகளை ஒரு சாண் இடைவெளியில் போட்டோம். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய தும்பு விரிப்பு ஒன்றைப் போடுகிறோம். தும்புக்குள் காற்று நடமாடுவதால் அடிப்பக்கம் உலர்ந்தே இருக்கிறது. துளைகளைச் சட்டம் ஓடும் இடத்தில் போட்டுவிடாதீர்கள். மெத்தைக்கு 5 சென்ரிமீற்றர் போதும், ஆனால் அடர்த்தியான போம் எடுங்கள். கடையிலேயே அதன்மேல் முழங்காலை ஊன்றிப் பாருங்கள். முழங்கால் தரையை உணர்ந்தால் அது வேண்டாம்.

திருகோணமலையில் ஜூன் மாதம் உங்களுக்குக் குளிர் அன்று, வெக்கைதான் சோதனை. தென்மேற்குப் பருவக்காற்றின் மழை அக்காலத்தில் மேற்கில்தான் கொட்டும். கிழக்கு வறண்டு கிடக்கும், இரவிலும் புழுக்கம் இருக்கும். யன்னல்களைத் திறந்து வைத்தாக வேண்டும், அப்படியென்றால் நுளம்பு வலை வேண்டும். பின் கதவுகள் இரண்டுக்கும் தலையணை உறைபோல வலையைத் தைத்து, கதவைத் திறந்து மேலிருந்து கீழாக மாட்டிவிட்டுக் கதவை மூடினோம். யன்னலை முழுதாக இறக்கினாலும் ஒரு நுளம்பு உள்ளே வராது. டெங்கைப் பரப்பும் நுளம்பு காலையிலும் மாலையிலும் கடிப்பதால், வலையை இருட்டிய பின் மாட்டுவதில் பயனில்லை. வண்டியை நிறுத்தியவுடன் மாட்டுங்கள். யூ.எஸ்.பி. மின்விசிறி சிறியது ஒன்று ஐந்து வாற்று வரை இழுக்கும். 20,000 மில்லியம்பியர் மணி பவர் பேங்க் ஒன்றில் அது விடிய விடிய ஓடும். காரின் பற்றரியைத் தொடவே தேவையில்லை.

இரவு தங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் கடற்கரையில் தனித்து நிறுத்துவதில்லை. சிறிய விருந்தினர் விடுதிகளில் கேட்டால், ஒரு தொகை வாங்கிக்கொண்டு வளவுக்குள் காரை விடவும் கழிப்பறையைப் பயன்படுத்தவும் பெரும்பாலும் இடம் தருகிறார்கள். இரண்டு பெண்களாக நாங்கள் நிம்மதியாகத் தூங்குவது அதனால்தான். வழியில் ஹபரணைப் பக்கம் காட்டோரத்தில் காரை நிறுத்தி உறங்க நினைக்கவே வேண்டாம். யானைகள் நடமாடும் வீதி அது. வாழைப்பழமோ மாம்பழமோ காருக்குள் இருந்தால் அந்த வாசனைக்கே அவை தேடி வரும்.

சில்லும் சாவியும் (பஞ்சிகாவத்தை) எழுதியது:

மேலே சொன்னவை நல்ல ஆலோசனைகள். வாகனம் திருத்துபவன் என்ற முறையில் நான் சேர்க்க விரும்புபவை, உயிரோடு தொடர்புள்ள இரண்டு விடயங்கள்.

ஒன்று, பலகையைக் கட்டுவது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீற்றருக்குள் நின்றால், உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையின் இருபது மடங்கு விசையோடு முன்னே பாயும். 15 கிலோப் பலகை அந்நேரம் 300 கிலோவாக உங்கள் கழுத்தை நோக்கி வரும். வெல்க்ரோ நாடாவும் றப்பர் கயிறும் இதைத் தாங்கா. பிள்ளை இருக்கை மாட்டுவதற்காகப் பின் இருக்கையில் உள்ள ஐசோஃபிக்ஸ் இரும்பு வளையங்கள் கார்ச்சட்டத்தோடு பிணைந்தவை. பலகையில் போல்ற் போட்ட இரண்டு வளையங்களிலிருந்து, இறுக்கும் பூட்டுள்ள அகல நாடாவால் அவற்றோடு கட்டுங்கள். பின் இருக்கையை மடித்த நிலையில் அவ்வளையங்களுக்குக் கை எட்டுகிறதா என்பதை மட்டை விரித்துப் பார்க்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் ஓடும்போது இடப்பக்க நாக்குத் துண்டைக் கழற்றிக் கீழே கிடத்த வேண்டும். அந்த இருக்கையில் மனைவி அமர்வார் அல்லவா.

இரண்டு, குளிரூட்டியைப் போட்டபடி உறங்குவது. இதைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்தில் இருப்பவருக்கு அது உள்ளே வருவதே தெரியாது. இயந்திரம் ஓடாமல் இருந்தால் போதுமே என்று கலப்பின (ஹைபிரிட்) வாகனக்காரர் சிலர் எண்ணி, காரை இயங்குநிலையில் விட்டு உறங்குகிறார்கள். பற்றரி இறங்கியதும் இயந்திரம் தானாகவே தொடங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும். சுவரோரமாக நிறுத்திய காரென்றால் புகை அடியிலேயே சுற்றி நிற்கும். அதேபோல அடுப்பை எப்போதும் காருக்கு வெளியே, பின்கதவிலிருந்து தள்ளி வைத்தே மூட்டுங்கள்.

உங்கள் கார் எந்த வகை என்று எழுதவில்லை. வேகன் ஆரின் கலப்பின வகையாயின் லித்தியம் அயன் பற்றரி இடப்பக்க முன் இருக்கையின் கீழே இருக்கும். அங்கே தண்ணீர்ப் போத்தல்களை அடுக்க வேண்டாம், துணியைத் திணித்து அடைக்கவும் வேண்டாம். இதை வாசிக்கும் டொயோட்டா அக்வாக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் பெரிய பற்றரி பின் இருக்கையின் அடியில் உள்ளது. அதைக் குளிர்விக்கும் காற்று, இருக்கையின் ஓரத்தில் உள்ள கம்பித் துவாரம் வழியாகவே போகிறது. மெத்தையோ போர்வையோ அதை மூடினால் பற்றரி சூடேறும்.

அலைகரை மீண்டும் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எனது கார் சாதாரண வகை, கலப்பினமன்று. ஐயா சொன்னபடி நேற்று மாலை மட்டையை வெட்டி விரித்தோம். அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்தில் காரை விட்டு, இருவரும் ஒரு மணித்தியாலம் உள்ளே கிடந்தோம். காவலாளி இரண்டு முறை வந்து நலம் விசாரித்தார்.

நாடா சொல்லாத இரண்டு விடயங்கள் தெரிந்தன. மடித்த முன் இருக்கையின் முதுகு, பின்னால் உள்ள மட்டத்தைவிட 7 சென்ரிமீற்றர் உயரமாக நிற்கிறது. நாங்கள் தலையைப் பின்கதவுப் பக்கம் வைத்துப் படுத்ததால் என் கால்கள் மேட்டில் ஏறின. அரை மணித்தியாலத்தில் இடுப்பு வலித்தது. மற்றையது, சில்லு மேடு மனைவியின் தோளில் இடித்தது. அங்கே அகலம் 98தான் என்பதை எழுதியிருந்தும் நான் அதை உணரவில்லை. நாக்குத் துண்டின் கீழ் 7 சென்ரிமீற்றரைக் குறைக்க வழியில்லை. பின்பக்கம் முழுவதையும் 7 சென்ரிமீற்றர் உயர்த்தலாமா என்று யோசிக்கிறேன்.

ஐசோஃபிக்ஸ் வளையங்களைத் தேடிப் பார்த்தேன். இருக்கையை மடித்தாலும் கை நுழைகிறது.

உளிச்சத்தம் எழுதியது:

உயர்த்த வேண்டாம் தம்பி. உட்காரும் உயரத்தைச் சிரமப்பட்டு மிச்சம் பிடித்தோம், அதை மறுபடி இழக்க வேண்டியதில்லை. திசையை மாற்றுங்கள். இருவரும் தலையை முன்பக்கம் வைத்துப் படுங்கள். அந்த 7 சென்ரிமீற்றர் மேடுதான் உங்கள் தலையணை. நாக்குத் துண்டில் மெத்தையே போடாமல், மடித்த போர்வை ஒன்றை விரித்தால் மட்டம் சரியாகிவிடும். அப்போது தோள்கள் 118 அகலமான நடுத்துண்டின்மேல் வரும், கால்கள் ஒடுங்கிய 98க்குள் போகும். மனைவியின் தோளில் இடிப்பதும் தீரும். அவருக்கு ஒரு சாதாரணத் தலையணை போதும். தலை முன்பக்கம் இருப்பதால் முன் கதவுகளுக்கும் வலை உறை தைக்க வேண்டியிருக்கும். ஜப்பானிய கார்களில் யன்னலுக்கு மேலே பெரும்பாலும் பொருத்தியிருக்கும் மழைத்தடுப்பு உங்களுடையதிலும் இருந்தால், தூறல் விழும்போதும் இரண்டு விரல் இடைவெளி விட்டுத் திறந்தே வைக்கலாம்.

அலைகரை எழுதியது:

இன்று காலை தலையை மாற்றி வைத்துப் படுத்துப் பார்த்தோம். கால் மணித்தியாலத்தில் மனைவி தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வராமல் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மழைத்தடுப்பு நான்கு கதவுகளிலும் இருக்கிறது. சனிக்கிழமை மட்டை அச்சை எடுத்துக்கொண்டு பலகை வாங்கப் போகிறேன். கடையிலேயே இயந்திரத்தில் அறுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக ஒன்று மட்டும்: பலகைக்கு வார்னிஷ் பூச வேண்டுமா, அப்படியே விடலாமா?

உளிச்சத்தம் எழுதியது:

பூசுங்கள். துளைகளின் உள்விளிம்பும் அறுத்த ஓரங்களும்தான் ஈரத்தை முதலில் குடிப்பவை; அவற்றுக்கு இரண்டு தடவை, மேற்பரப்புக்கு ஒரு தடவை. நீரில் கரையும் வார்னிஷ் எடுத்தால் வாசனை விரைவில் போகும். பூசிய பின் ஒரு வாரம் மாடத்தில் காற்றாட நிறுத்தி வைத்துவிட்டு, அதன்பிறகு காருக்குள் ஏற்றுங்கள்.